நிரம்பிய அறை எதற்குச் சாட்சி?

ஹெவ்லொக் டவுனில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து பல்கனியில் நின்றால், ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் வெள்ளவத்தைப் பக்கத்து லொட்ஜ் ஒன்றின் மொட்டைமாடி தெரியும். காலை பத்து மணிபோல அங்கே பெட்ஷீற் காயப்போடுவார்கள். 2020 ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல் அவற்றை எண்ணத் தொடங்கினேன். ஊரடங்கு போன பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. கொடியில் நாலு துணி என்றால் லொட்ஜ் படுத்திருக்கிறது. இரண்டு கொடியும் நிறைந்து மிச்சத்தைக் கைப்பிடிச் சுவரிலும் போட்டிருந்தால் ஒரு அறையும் காலி இல்லை. 2020 ஏப்ரலில் கொடியில் காகம் மட்டும்தான் இருந்தது. கைப்பிடிச் சுவர் வரைக்கும் துணி நிறைந்ததை நான் மறுபடி பார்த்தது 2022 ஓகஸ்டில்.

அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு கியூ.ஆர். கோட் வந்திருந்தது. கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் ஏப்ரல் 12இலேயே சொல்லியிருந்தது. ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடி ஒரு மாதம்தான். அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் ஏறி உச்சத்துக்குப் போனது. அப்படியொரு வேளையில் லொட்ஜ் எப்படி நிரம்பும்? தேங்காய் வாங்கப் போன சாட்டில் உள்ளே போய், மேசையில் இருந்தவரிடம் கேட்டேன்.

“எல்லாம் பாஸ்போட் சனம் அண்ணை” என்றார். “பத்தரமுல்லைக்குப் போக விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்புங்கள். மற்றது மெடிக்கலுக்கு வந்ததுகள்.”

மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம் என்று இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அந்த ஆண்டு பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவுத் திணைக்களம் 9 லட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு வழங்கியது. வெளிநாட்டு வேலைக்கு என்று பதிந்து போனவர்கள் மட்டும் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். கொடியில் காய்ந்த அத்தனை துணியும் நாட்டைவிட்டுப் போகிறவர்கள் கடைசியாகப் படுத்து எழும்பிய துணி.

இந்தக் கட்டுரை அந்தக் கொடியில் இருந்துதான் தொடங்குகிறது. கொவிட்டுக்குப் பிறகு நாடு நாடாக ஒரு வாதம் கேட்கிறது: ஓட்டல் அறைகள் நிரம்பத் தொடங்கினால் அந்தப் பகுதியின் பொருளாதாரம் எழும்புகிறது என்று அர்த்தம். இலங்கையில் இதை அமைச்சர்கள் சொன்னார்கள், ஓட்டல் முதலாளிமார் சொன்னார்கள், பங்குத் தரகர்களின் அறிக்கைகளும் சொல்லின. அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் அதன் பக்கத்து நியாயம். ஒரு ஊரின் பொருளாதாரத்தை அளக்கிற கணக்குகள் எல்லாமே தாமதமாக வருகிறவை. மாகாண வாரியான உற்பத்திக் கணக்கை மத்திய வங்கி வெளியிடும்போது அந்த ஆண்டு போய் வெகுநாளாகியிருக்கும். அறைக் கணக்கு அப்படியல்ல, இன்றைக்கு இரவே கையில் இருக்கும். அதைப் பொய்யாக ஊதிப் பெருப்பிப்பதும் கடினம், ஏனென்றால் வரித் திணைக்களம் பார்க்கிற கணக்கு அது. அறை நிரம்பினால் முட்டைக்காரன், மீன்காரன், லோண்டறிக்காரன், வாசலில் நிற்கிற ஓட்டோக்காரன் என்று காசு இறங்கிப் போகும் வழியும் கண்ணுக்குத் தெரிகிறது. விழும்போது அது பொய் சொல்லாது என்பதற்கும் சான்று இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்த 2019இல், முந்தைய ஆண்டு 72 சதவீதத்துக்கு மேல் இருந்த நாட்டின் அறை நிரம்பல் வீதம் 57க்கு இறங்கியது. 2022 மார்ச்சில் 1 லட்சத்து 6 ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு மே மாதம் வந்தவர்கள் 30 ஆயிரம். பொருளியல் நிபுணர்கள் நெருக்கடியா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்க, ஓட்டல் பதிவேடு தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது.

ஆக, சாட்சி விரைவானது, கண்ணால் கண்டது. ஆனால் எதைக் கண்டது என்பதுதான் கேள்வி.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. விற்ற அறைகளை விற்பனைக்கு இருந்த அறைகளால் வகுப்பது, அவ்வளவுதான். ஆனால் ‘விற்பனைக்கு இருந்த’ என்பது இழுத்த இழுப்புக்கு வருகிற சொல். 200 அறை உள்ள ஒரு ஓட்டல், ஆள் இல்லை என்று மேல் மாடிகளைப் பூட்டி, குளிர்சாதனத்தை நிறுத்தி, 80 அறையை மட்டும் திறந்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 56 அறை போகிறது. திறந்த அறைகளால் வகுத்தால் 70 சதவீதம், கட்டடத்தில் உள்ள அறைகளால் வகுத்தால் 28. முதலாவது எண் பத்திரிகைப் பேட்டிக்குப் போகும், இரண்டாவது வங்கி முகாமையாளரோடு பேசும்போது வெளிவரும்.

இதே வகுத்தல் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். காலிமுகத்திடலுக்கு முன்னால் ஐ.டி.சி. ரத்னதீப 352 அறைகளோடு 2024 ஏப்ரலில் திறந்தது. ஒக்டோபரில் சினமன் லைஃப் 687 அறைகளோடு திறந்தது. அரை வருடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அறை ஒரே நகரத்தில் கூடியது. வருகிற ஆட்கள் கூடினாலும் நகரத்தின் வீதம் கீழே இறங்கலாம். அந்த இறக்கம் தளர்ச்சி அல்ல, முதலீடு. வீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

கணக்குக்குள் வராத அறைகளும் உண்டு. எங்கள் ஹெவ்லொக் டவுனே உதாரணம். வெள்ளவத்தை நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றியின் கோபுரங்கள் நிற்கின்றன. சுற்றுவட்டாரத்து ஒழுங்கைகளிலும் பழைய வளவுகளை இடித்து மாடி மாடியாக வீடுகள். இவற்றில் எத்தனையோ நாள் வாடகைக்குப் போகின்றன. கனடாவில் இருந்து பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கு வருகிற குடும்பம் ஐந்து நட்சத்திர ஓட்டலில் இறங்குவதில்லை. மூன்று அறை அப்பாட்மென்ற் எடுத்து, மாமியைக் கூப்பிட்டுச் சமைக்க விட்டு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகும். விமான நிலையத்தில் அவர்கள் சுற்றுலாப் பயணிகள். ஓட்டல் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. ஆனால் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விலையை ஏற்றுகிறவர்கள் அவர்கள்தான். அதற்கு எந்த அதிகாரசபையின் அத்தாட்சியும் எனக்கு வேண்டாம், ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை போய் விளைமீன் விலை கேட்டாலே போதும்.

அடுத்தது விலை. எத்தனை அறை என்று மட்டும் கேட்டு, என்ன விலைக்கு என்று கேட்காமல் விடுவது, கலியாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டு மொய்யைக் கேட்காமல் விடுவதுபோல. அமெரிக்காவில் இந்த இரண்டும் தனித்தனி வழியில் போனதை ஓட்டல் தரவு திரட்டுகிற எஸ்.ரி.ஆர். நிறுவனத்தின் கணக்கில் பார்க்கலாம். அங்கே 2019இல் 66 சதவீதமாக இருந்த நிரம்பல் வீதம் 2020இல் 44க்கு விழுந்தது. 2022இலும் 63ஐ எட்டவில்லை. ஆனால் அறை விலை ஏறிய ஏற்றத்தில் அந்த ஆண்டு ஓர் அறைக்குக் கிடைத்த வருமானம் பழைய சாதனையைத் தாண்டிவிட்டது. அதாவது ஆள் குறைவு, காசு அதிகம்.

இங்கே நடந்தது நேர்மாறு. 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 203 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு கைவிட்டதும் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. 20 ஆயிரம் ரூபாய் அறையை 25 ஆயிரமாக உயர்த்திய ஓட்டல்காரர் ரூபாயில் கூட்டினார், டொலரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்தார். அவர் வாங்குகிற டீசல், பட்டர், லிஃப்ற் உதிரிப்பாகம் எல்லாம் டொலர் விலையில் ஏறின. கொழும்பு ஓட்டல்கள் ஒன்றையொன்று வெட்டி விலையை இறக்கிய இறக்கத்தில், 2023 ஒக்டோபரில் அரசாங்கமே தலையிட்டுக் குறைந்தபட்ச அறை வாடகை விதித்தது. ஐந்து நட்சத்திரத்துக்கு 100 டொலர், நான்குக்கு 75, மூன்றுக்கு 50. ஐந்து நட்சத்திர அறையை 100 டொலருக்குக் கீழே விற்காதே என்று சட்டம் போட வேண்டி வந்ததே, அதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டுமா? மாநாட்டுக் கூட்டம் எல்லாம் வேறு நாடுகளுக்குப் போகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, ஓர் ஆண்டு முடியுமுன் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

நாட்டு மொத்தக் கணக்கிலும் இதே பள்ளம் தெரிகிறது. 2018இல் 23 லட்சத்து 33 ஆயிரம் பேர் வந்து 438 கோடி டொலர் விட்டுப்போனார்கள். 2024இல் 20 லட்சத்து 53 ஆயிரம் பேர், 317 கோடி. ஆட்களில் 88 சதவீதம் திரும்பிவிட்டது, காசில் 72தான். தலைக்குக் கணக்குப் பார்த்தால் 1,880 டொலர் அளவில் இருந்தது 1,540க்கு இறங்கியிருக்கிறது. ‘20 லட்சம் தாண்டிவிட்டோம்’ என்று பதாகை கட்டியபோது இந்த இரண்டாவது வரியை யாரும் எழுதவில்லை.

இனி, அறைக்குள் யார் என்ற கேள்வி. கொவிட் காலத்திலேயே கொழும்பிலும் நீர்கொழும்பிலும் சில ஓட்டல்கள் நிரம்பித்தான் இருந்தன. மத்திய கிழக்கில் இருந்து திரும்பியவர்களைக் கட்டணம் வாங்கி 14 நாள் தனிமைப்படுத்திய அறைகள் அவை. கலிபோர்னியாவில் வீடற்றவர்களை ஓட்டல் அறைகளில் குடியேற்றினார்கள். அங்கேயும் அறை நிறைந்தது நோயால். கொட்டாஞ்சேனையில் யூன் 13ஐ ஒட்டி, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு மலைநாட்டில் இருந்தும் மன்னாரில் இருந்தும் சனம் வந்து லொட்ஜ்களை நிரப்பும். பொருளாதாரம் எப்படி இருந்தாலும் நேர்த்தி நேர்த்திதான். சொல்லப்போனால் கஷ்டம் கூடின வருடம் நேர்த்தியும் கூடும்.

கொழும்புத் தமிழருக்கு இது புதுப் பாடம் இல்லை. போர் நடந்த ஆண்டுகளில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்கள் நிரம்பி வழிந்தன. விசாவுக்குக் காத்திருந்தவர்கள், ஏஜென்சிக்காரனின் போனுக்குக் காத்திருந்தவர்கள், பிடிபட்ட பிள்ளையைத் தேடி வந்த தாய்மார். ஒரு அறையில் நாலு பேர், மாதக் கணக்கில். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலை பொலிஸார் அந்த லொட்ஜ்களில் இருந்து 376 பேரை எழுப்பி, தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி பஸ்களில் ஏற்றி வவுனியா வரைக்கும் கொண்டுபோனார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அந்த வாரத்துக்கு முன் யாராவது வெள்ளவத்தையின் அறை நிரம்பல் வீதத்தை எடுத்திருந்தால் இலங்கையிலேயே செழிப்பான இடம் இதுதான் என்று எழுதியிருப்பார்.

இதுவரை சொன்னவை எல்லாம் குறுக்கு விசாரணை. சாட்சியை அப்படியே தள்ளிவிட இவை போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன். விலையைச் சேர், ஆளைப் பிரி, பூட்டிய மாடியையும் கணக்கில் எடு என்று திருத்தினால் சரியாகிவிடும் குறைகள் இவை. அளவைத் திருத்திக்கொண்டு வைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆகவே திருத்தினால்கூடச் சரிவராத இடம் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது. இரண்டு ஆண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

2021. அந்த ஆண்டு முழுவதும் வந்த பயணிகள் 1 லட்சத்து 94 ஆயிரம் பேர். எப்படித் திருத்திப் போட்டாலும் அறைகள் வெறுமை. ஆனால் அதே ஆண்டு நாட்டின் உற்பத்தி நான்கு சதவீதமளவில் வளர்ந்தது. 2023இல் பயணிகள் முந்தைய ஆண்டின் 7 லட்சத்து 20 ஆயிரத்தில் இருந்து 14 லட்சத்து 87 ஆயிரமாக இரட்டித்தார்கள். தெற்குக் கரையில் நல்ல சீசன். ஆனால் நாட்டின் உற்பத்தி 2.3 சதவீதம் சுருங்கியது. அறை வெறுமையான ஆண்டில் வளர்ச்சி, நிரம்பிய ஆண்டில் தேய்வு. மீட்சியின் அறிகுறி என்று வைத்தால் இது இரண்டு தடவையும் தலைகீழாகக் காட்டியிருக்கிறது.

ஆனால் அதே இரண்டு ஆண்டுகளில் வேறொரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019 முடிவில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 760 கோடி டொலர். 2021 முடிவில் 310 கோடி, அதிலும் பாதியளவு சீன மத்திய வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்றம். 2021இன் வளர்ச்சி நோட்டு அச்சடித்தும் இருந்த டொலரைக் கரைத்தும் வந்த வளர்ச்சி. வெறுமையான அறைகள் அந்த ஆண்டு முழுவதும் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தன, 2022 ஏப்ரலில் எல்லோருக்கும் கேட்டது. 2023இல் உற்பத்தி சுருங்கினாலும் நாட்டின் நடைமுறைக் கணக்கு மிகையில் முடிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய காசும் திரும்பி வந்த பயணிகளும் அதற்குக் காரணம். அறைகள் அதையும் சரியாகவே சொல்லியிருந்தன.

இங்கேதான் என் தீர்ப்பின் அடி இருக்கிறது. இலங்கையில் வெளிநாட்டவர் படுக்கிற அறை டொலர் வரவைக் காட்டுகிற மானி. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. பகுதியின் மீட்சியை அளக்கச் சொல்லி அதனிடம் கேட்பது, காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்து நிறை பார்ப்பது மாதிரி. டொலர் வருவதும் பகுதி எழும்புவதும் எங்கே ஒன்றாகின்றனவோ அங்கே மட்டும் அது இரண்டுக்கும் உதவும். அறுகம்குடாவிலும் எல்லவிலும் மிரிஸ்ஸவிலும் அவை ஒன்றாகின்றன. அங்கே வீட்டுக்கு வீடு இரண்டு அறை வாடகைக்குப் போகிறது, மீன்பிடிப் படகே காலையில் திமிங்கிலம் காட்டப் போகிறது. அங்கே ஓகஸ்டை முந்தைய ஓகஸ்டோடு வைத்துப் பார்த்தால் நான் அந்த வீதத்தை நம்புவேன்.

கொழும்பில் நம்பமாட்டேன். நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தருகிற மாகாணத்தில் ஓட்டல் ஒரு மூலை. யாழ்ப்பாணத்திலும் நம்பமாட்டேன், வேறு காரணத்துக்காக. அங்கே அறைகள் நிறைவது நல்லூர்க் கொடியேற்றத்தில் இருந்து 25 நாள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பள்ளிக்கூட விடுமுறை விடுகிற காலம் அது. 2022 டிசம்பரில் பலாலிக்குச் சென்னை விமானம் மறுபடி வரத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் யாழ்ப்பாணத்து அறை நிரம்புவது ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்கிறவரின் சம்பளத்துக்குச் சாட்சி. வலிகாமத்து வெங்காயத் தோட்டம் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அறை நிரம்பியும் மீளாதவை எவை என்றும் சொல்ல வேண்டும். 2019 தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாத் துறைக்குக் கடன் தவணை நிவாரணம் கொடுத்தார்கள். கொவிட்டில் அதை நீட்டினார்கள். வட்டி மட்டும் நிற்கவில்லை. பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டிய அதே 2024இல், கடன் கட்டாதவரின் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம்போட வங்கிக்கு உரிமை தருகிற பராட்டே சட்டத்தை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11.3 சதவீதமாக இருந்த வறுமை 2024இல் 24.5 சதவீதம். அறைகள் திரும்பின, அறையைத் துடைக்கிறவர்களின் வீடுகள் திரும்பவில்லை.

துடைக்கிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. ஓட்டல் தொழிலாளியிடம் சீசன் எப்படி என்று கேட்டால் அவர் அறைக் கணக்குச் சொல்லமாட்டார். “சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு விழுந்தது” என்பதைச் சொல்வார். பில்லில் சேர்க்கிற பத்து சதவீதம், மாத முடிவில் புள்ளிக் கணக்கில் பிரிபடும். அடிப்படைச் சம்பளத்தைவிடப் பலருக்கு அதுதான் பெரிது. எத்தனை அறை, என்ன விலைக்கு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அதை எத்தனை பேர் பங்கிட்டார்கள், நாலும் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கின்றன. அந்தக் காசு கட்டுநாயக்கவால் திரும்பிப் பறக்காமல் ஹோமாகமவிலோ ராகமவிலோ ஒரு வீட்டு அரிசிப் பானைக்குள் போகிறது. ஒரு பகுதி எழும்புகிறதா என்று பார்க்க நான் ஒரே ஒரு எண்ணைத்தான் எடுக்கலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன். முதலாளிமார் சங்கங்கள் இதை வெளியிட அவசரப்படமாட்டா என்பது வேறு கதை.

போன மாதமும் கொடி நிறைந்திருந்தது. மறுபடி அந்த லொட்ஜுக்குப் போனேன். மேசையில் அதே ஆள்.

“றூம் எல்லாம் போயிட்டுதோ?”

“எல்லாம் ஃபுல் அண்ணை. ஆனா வாடகை கூட்டேலாது, பக்கத்து லொட்ஜ்காரன் குறைச்சுக் குடுக்கிறான்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த திகதி. ஐந்தாவது நிரலின் தலைப்பு ‘வந்த நோக்கம்’. போர்க்காலத்தில் பொலிஸ் வந்து விரல் வைத்துப் பார்த்த நிரல் அதுதான், ஆஸ்பத்திரி, விசா, நேர்முகம் என்று விரிவாக எழுதி, துண்டும் காட்ட வேண்டியிருந்தது. இப்போது யாரும் பார்ப்பதில்லை. முதல் வரியில் ‘சொந்த அலுவல்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பக்கம் முடியும் வரைக்கும் மேற்படிக் குறிதான்.